ஆளுக்கு எட்டு

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, கீழக்கரை முதல் ஏர்வாடி வரை அறுநூறு வீடுகளில் ஒரே மூச்சில் 'ஹலோ' சொல்ல வைத்தவள் நான். பதிலுக்கு 'ஹலோ' சொல்லத்தான் ஆள் வைக்கவில்லை.

இதை மறைக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்ட ஒரு விஷயத்தை மறைப்பது அவ்வளவு எளிதல்ல.

முதலில் என்னைப் பற்றி இரண்டு தகவல்கள். ஒன்று, நான் கணினிப் பொறியியல் படித்தவள். இரண்டு, எனக்குப் பட்டியல் போடும் வியாதி உண்டு. (பார்த்தீர்களா, இங்கேயும் போட்டுவிட்டேன்.) ராமநாதபுரத்திலிருந்து உள்ளே தள்ளி, மிளகாய் விளைகிற ஊர் எங்களுடையது. மிளகாய்க் காட்டில் எந்தப் பாத்திக்கு எந்தக் கிழமை தண்ணீர் என்று எட்டாம் வகுப்பிலேயே அய்யாவுக்குப் பட்டியல் எழுதிக் கொடுத்தவள் நான். அய்யா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் செடியைப் பார்த்துத் தண்ணீர் பாய்ச்சுவார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

படித்து முடித்ததும் கீழக்கரையில் ஒரு கால் சென்டரில் வேலை கிடைத்தது. துணிக்கடைக்கு மேல் மாடி, பன்னிரண்டு மேசைகள், பன்னிரண்டு பெண்கள், இரண்டு மின்விசிறிகள். மேலாளர் ராமநாதபுரத்தில் இருந்தபடியே போனில் நிர்வாகம் செய்வார். பெண்கள் எல்லாரும் கீழக்கரை, பெரியபட்டினம், ஏர்வாடிக்காரர்கள். பெரும்பாலானவர்களுக்குக் கணவனோ வாப்பாவோ அண்ணனோ வளைகுடாவில்.

என் வேலையை எங்கள் ஊரில் யாருக்கும் புரிய வைக்க முடிந்ததில்லை. உங்களுக்கு முயன்று பார்க்கிறேன். எண்களை அடித்துக் கொடுப்பது டயலர் என்கிற மென்பொருள். அடிக்கிற எல்லாப் போனையும் எடுக்க மாட்டார்கள். ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார், ஒருவர் பஸ்ஸில் இருப்பார், ஒருவர் தெரியாத எண் என்று போனைக் கவிழ்த்து வைப்பார். ஆகவே ஒரு பெண்ணுக்காக ஓர் எண்ணை மட்டும் அடித்தால் போதாது. நாலைந்து எண்களைச் சேர்த்து அடித்தால் ஒருவராவது எடுப்பார். அதையும் அவள் முந்தைய பேச்சை முடிப்பதற்குச் சில நொடிகள் முன்பே தொடங்கிவிட வேண்டும். குறைவாக அடித்தால் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதிகமாக அடித்தால் போனை எடுத்தவருக்குப் பேச ஆள் இருக்காது. கூடுதலாக எப்போது அடிப்பது, எத்தனை அடிப்பது? இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லத்தான் என்னை வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

நான் வருவதற்கு முன்பு அந்தக் கேள்விக்குப் பதில், ஹமீதா.

ஹமீதாவுக்கு என் வயதுதான். கணவர் சவூதியில், தம்மாமில். பன்னிரண்டு பேரில் ஒருத்திதான், ஆனால் சூப்பர்வைசரும் அவளே. டயலர் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ஆளுக்கு எத்தனை அழைப்பு என்பதை அதில் அடிக்க வேண்டும். ஹமீதா ஒன்று, மூன்று, இரண்டு என்று நாள் முழுக்க அதை மாற்றிக்கொண்டே இருப்பாள். திரையை அதிகம் பார்க்க மாட்டாள். காதுதான் வேலை செய்யும்.

"பௌசியா முடிக்கப் போறா" என்பாள். நாலே நொடியில் பௌசியா போனை வைப்பாள்.

"எப்பிடித் தெரியும்?" என்று கேட்டேன்.

"'வேற ஒண்ணுமில்லங்க'ன்னு சொல்லிட்டால்ல. அதுக்கப்பறம் அவளுக்கு ஒரு மூச்சுதான்."

தெருவில் மீன்காரம்மா குரல் கேட்டால் ஹமீதா எண்ணை ஏற்றுவாள். "எல்லாரும் வாசல்ல நிப்பாளுக. எவ எடுப்பா?" குரல் தேய்ந்ததும் இறக்குவாள். நான் வந்த முதல் வாரம் இதையெல்லாம் பார்த்துவிட்டு என் நீல நோட்டில் எழுதிய வரி இன்னும் இருக்கிறது: 'தற்போதைய முறை: உள்ளுணர்வு. உடனடியாக மாற்ற வேண்டும்.' உடனடியாக என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

மாற்றினேன். மூன்று வாரத் தகவல்களை எடுத்துக்கொண்டு ஒரு விதி எழுதினேன். கடந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் எடுத்தார்கள் என்று டயலரே பார்த்துக்கொள்ளும். குறைவாக எடுத்தால் தானே அதிகமாக அடிக்கும். அதிகமாக எடுத்தால் தானே குறைத்துக்கொள்ளும். கட்டத்தைத் திரையிலிருந்தே எடுத்துவிட்டேன். அது இருந்த இடத்தை ஹமீதா சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நல்லா இருக்கு காளீஸு" என்றாள். (என் பெயர் காளீஸ்வரி. மற்ற பெண்களுக்கு மேடம், அவளுக்குக் காளீஸு.)

இரண்டு வாரம் விதி நன்றாகவே ஓடியது. எனக்குத் தலைக்கனம் ஏறுவதற்கு அந்த இரண்டு வாரமே தாராளம்.

அப்போது எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வேலை. இலவசக் கண் முகாம் நடத்தும் ஓர் அறக்கட்டளை எங்களை ஒரு மாதம் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பெரியபட்டினத்தில் ஞாயிற்றுக்கிழமை முகாம். பெயர் கொடுத்த ஒவ்வொருவரிடமும் பேசி, நாள் சொல்லி, நேரம் சொல்லி, வருவீர்களா என்று கேட்டு, வெள்ளிக்கிழமை இரவுக்குள் பட்டியலை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் வருடம் முழுக்க வேலை எங்களுக்கு. தவறினால் மதுரைக் கம்பெனிக்கு. மதுரைக்குப் போனால் மாடி காலி. பன்னிரண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவர்களில் ஏழு பேருக்கு அது வாழ்க்கையின் முதல் வேலை. பௌசியா வீட்டில் அவள் சம்பளம் மட்டும்தான்.

அறக்கட்டளையின் சார்பில் வந்த கோமதி மேடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "எடுத்தவங்கள பேசாம மட்டும் விட்றாதீங்கம்மா. கண்ணு தெரியாதவங்க. சுவரத் தடவித் தடவி வந்து போன எடுப்பாங்க."

இதையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எழுதுவதில் நான் குறை வைத்ததே இல்லை.

அந்த வாரம் புதன்கிழமை பராமரிப்பு என்று பகல் முழுக்க மின்சாரம் இல்லை. ஒரு நாள் போயிற்று. வெள்ளி காலை வேலை முடிந்த பிறகும் அறுநூறு பெயர்கள் பாக்கி. எங்கள் அலுவலகம் வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு மூடிவிடும். நான் மேலாளரைக் கூப்பிட்டு, இன்று மட்டும் இரண்டரை மணிக்குத் திறந்து ஐந்தரைக்குள் முடித்துவிடுகிறேன் என்று சொன்னேன். அவர் சரி என்றார்.

ஹமீதா சரி என்று சொல்லவில்லை.

"தொறப்போம். ஆனா நாலு மணிக்கு மேல ஆளுக்கு ஒண்ணுக்கு மேல அடிக்காத. அந்த ஒண்ணே சாஸ்தி."

"ஏன்?"

"எல்லாரும் எடுப்பாங்க."

நான் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். "மூணு வாரத் தகவல் இருக்கு ஹமீதா. எந்த நாளும் நாலு மணிக்கு அஞ்சுல ஒருத்தர்தான் எடுக்குறாங்க."

"அதுல வெள்ளிக்கெழம நாலு மணி இருக்கா?"

இல்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அலுவலகம் திறந்திருந்ததே கிடையாது. ஆகவே தகவலும் கிடையாது. படித்தவள் இந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும். நான் சொன்னது: "தகவல்ல அப்பிடி எதுவும் இல்லையே."

"தகவல்ல இல்லேன்னா ஊர்ல இல்லையா?" என்றாள். கோபமெல்லாம் இல்லை. மெய்யாகவே சந்தேகம் கேட்பது போல இருந்தது. பிறகு, "அப்ப போனையாச்சும் இன்னைக்கு வெளிய வச்சிக்கிறோம்" என்றாள். பேசும் பெண்கள் தங்கள் சொந்தப் போனை இரும்பு பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது விதி. விதி விதிதான் என்றேன். சாவி என் கழுத்து அட்டையோடு தொங்கியது.

வர நேரமாகும் என்று வீட்டுக்குப் போன் செய்தபோது அய்யா கேட்டார், "என்னத்தா, வெள்ளிக்கெழம சாயங்காலமுமா?" விளக்கினேன். அவர் நேரே டீக்கடைக்குப் போய், "இன்னைக்கு இந்த ஜில்லாவுல எந்த வீட்டுல எப்ப மணி அடிக்கணும்னு முடிவு பண்றது எம்புள்ளதான்" என்று சொல்லியிருக்கிறார். இது பின்னால் முக்கியமாகிறது.

இரண்டரைக்குத் திறந்தோம். யாரும் எடுக்கவில்லை. ஊர் முழுக்க பிரியாணி சாப்பிட்டுவிட்டுச் சற்றே சாய்ந்திருந்த நேரம். என் விதி அதைப் பார்த்தது. குறைவாக எடுக்கிறார்கள், அதிகமாக அடி என்று முடிவு செய்தது. ஆளுக்கு ஐந்து ஆனது. ஆறு ஆனது. மூன்றே முக்காலுக்கு எட்டு. பெண்கள் கொட்டாவி விட்டார்கள். நான் திரையைப் பார்த்து, எவ்வளவு அறிவோடு நடந்துகொள்கிறது என்று மகிழ்ந்தேன். எங்கள் கடற்கரையில் சில நாள் கடல் உள்வாங்கி, பாசி படிந்த தரை தெரியும். தெரிந்தவர்கள் கரையில் நிற்பார்கள். தெரியாதவர்கள் சிப்பி பொறுக்கப் போவார்கள். நான் நோட்டோடு போயிருந்தேன்.

எனக்குத் தெரியாமல் போனது இதுதான். வளைகுடாவில் பல இடங்களில் வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆண்கள் ஜும்ஆ தொழுது, அறைக்கு வந்து, சமைத்துச் சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போன் போடுகிற நேரம் நமக்கு மாலை நாலு மணி. அந்த நேரத்தில் இந்தக் கரையோரத்தில் போனைக் கீழே வைத்திருக்கிற வீடு இல்லை. கார்டு போட்டு, இணையம் வழியாக, ஏதேதோ வழியில் வருகிற போன்கள் என்பதால் எண் ஒவ்வொரு தடவையும் வேறாக இருக்கும். ஆகவே தெரியாத எண் என்றால் உடனே எடுப்பார்கள். எடுத்ததும் இரண்டு நொடி சத்தமே வராது. பிறகுதான் குரல் வரும். ஆகவே சத்தமில்லை என்று வைத்துவிட மாட்டார்கள். மற்ற ஊர்களில் இந்த மாதிரிப் போன் வந்தால் தொல்லை என்பார்கள். இங்கே அதற்குப் பெயர் மச்சான்.

நாலு மணி ஆனது. டயலர் தொண்ணூற்றாறு எண்களை அடித்தது. தொண்ணூற்றாறு பேரும் எடுத்தார்கள்.

பன்னிரண்டு பேருக்குப் பன்னிரண்டு பெண்கள் கிடைத்தார்கள். மீதி எண்பத்து நான்கு பேர் காத்திருப்பு வரிசையில் நின்றார்கள். காத்திருக்கும்போது இசை வேண்டுமா என்று மென்பொருள் முன்பு என்னிடம் கேட்டிருந்தது. வேண்டாம் என்று தேர்வு செய்திருந்தேன். (சினிமாப் பாட்டு ஒரு அலுவலகத்துக்கு அழகல்ல என்பது அன்றைய என் கருத்து.) ஆகவே முப்பது நொடி சுத்தமான மௌனம். போதாதென்று, ஏற்கெனவே வரிசையில் நிற்பவர்களைக் கழித்துக்கொண்டு அடி என்று விதியில் எழுத மறந்திருந்தேன். இரண்டு வாரமும் வரிசை என்று ஒன்று உருவாகவே இல்லை, அதனால் பிழை வெளியே தெரியவில்லை. இப்போது ஒருத்தி பேச்சை முடிக்கப் போகிறாள் என்று தெரிந்த ஒவ்வொரு முறையும் டயலர் இன்னும் எட்டு வீடுகளை எழுப்பியது.

என்ன நடக்கிறது என்று பார்க்க ஹெட்செட்டை மாட்டி வரிசையை ஒட்டுக் கேட்டேன். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எண்களாக மட்டும் பார்த்த வரிசை அது.

"ஹலோ மச்சான். கேக்குதா? எனக்கு ஒங்க சத்தம் வரல. நான் பாட்டுக்குச் சொல்றேன், நீங்க கேட்டுக்கங்க. பிள்ளைக்குப் பல்லு மொளச்சிருக்கு. கீழ ரெண்டு. நேத்து என் வெரலக் கடிச்சிட்டான்."

அடுத்த வரிசைக்கு மாற்றினேன். ஒரு பெரியவர், மூச்சு வாங்கியபடி: "யாரு, அபூபக்கரா? பேசுப்பா. கண்ணுதான் மங்கிருச்சு, காது நல்லாத்தான் கேக்குது."

அடுத்தது. "மச்சான், ஒங்க உம்மா பக்கத்துல இருக்காங்க. நீங்க எதாச்சும் சொல்ற மாதிரி நான் சரி சரின்னு சொல்றேன். சரி. சரிங்க. ஆமா, சாப்பிட்டாங்க."

கோளாறு செய்ததற்குப் பயப்பட வேண்டிய நேரத்தில் நான் பிரமித்து உட்கார்ந்திருந்தேன். மறுபக்கம் யாருமே இல்லாத ஒரு போனில், யாரோ கேட்கிறார்கள் என்ற முழு நம்பிக்கையோடு ஒரு கரையோரமே பேசிக்கொண்டிருந்தது. நான் படித்த எந்தப் பாடத்திலும் இது வரவில்லை. முப்பது நொடி முடிந்ததும் என் மென்பொருள் ஒவ்வொரு குரலாக வெட்டிக்கொண்டே போனது.

நாலே காலுக்குத் திரை பச்சையாக மின்னியது. 'பட்டியல் முடிந்தது. வாழ்த்துகள்.' மூன்று மணி நேர வேலை கால் மணி நேரத்தில். ஒரே ஒரு நொடி எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

பிறகு அவர்கள் திருப்பிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.

தெரியாத எண், மௌனம், பிறகு துண்டிப்பு. இதற்கு அந்த ஊரில் ஒரே பொருள்தான்: அங்கே மச்சானுக்கு என்னவோ ஆகிவிட்டது. சிலர் எங்களுக்கு அடித்தார்கள். எங்கள் இணைப்புகள் எல்லாம் பிஸி. பிஸி என்றதும் பயம் இரட்டித்தது. நேரே வளைகுடாவுக்கு அடித்தார்கள். அங்கே நன்றாகச் சாப்பிட்டுப் படுத்திருந்த ஆண்கள் எழுந்து, அவர்களும் எங்களுக்கு அடித்தார்கள்.

பௌசியா ஹெட்செட் மைக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னாள். "மேடம், ஜித்தாலேருந்து ஒரு காக்கா. அவுக வீட்டுக்கு எதுக்குப் போனப் போட்டுட்டுப் பேசாம இருந்தீகன்னு கேக்குறாக." (காக்கா என்றால் அங்கே அண்ணன்.)

"கண் முகாம் விவரம் சொல்லுங்க."

சொன்னாள். கேட்டாள். திரும்பினாள். "அவுகளுக்குக் கண்ணு நல்லாத் தெரியுதாம் மேடம். நமக்கு வாயில எதும் கோளாறான்னு கேக்குறாக."

அந்த நேரத்தில்தான் பீரோ ஆட ஆரம்பித்தது. பன்னிரண்டு பெண்களின் பன்னிரண்டு போன்களுக்கும் நாலு மணி வெள்ளிக்கிழமை என்பது தெரியும். இரும்புத் தட்டில் கிடந்தபடி பன்னிரண்டும் ஒன்றாக அதிர்ந்தன. மணியோசை, ஓதல், சினிமாப் பாட்டு, ஒரு குழந்தையின் சிரிப்பு எல்லாம் பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தன. யாரும் எழவில்லை. பன்னிரண்டு பேரும் என் கழுத்தில் தொங்கிய சாவியை மட்டும் பார்த்தார்கள்.

பார்வையைத் தவிர்க்க நானே ஓர் அழைப்பை எடுத்தேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஹமீதா அங்கன இருக்காளா?"

"நீங்க யாரு?"

"அவ மாப்ள. தம்மாம்லேருந்து. அவ போன எடுக்கல. எங்க உம்மாவுக்கு ஒங்க நம்பர்லேருந்து போன் வந்துச்சாம், யாரும் பேசலயாம். உம்மா பயந்து எனக்கு அடிச்சாக. நான் அவளுக்கு அடிச்சேன். அவ எடுக்கலேன்னு இங்க அடிக்கிறேன். இங்க ரூம்ல எட்டுப் பேருக்கும் இதே கதை. என்னதான் நடக்குது அங்க?"

நான் பிற்பாடு எழுதிய நாலு பக்க அறிக்கையில்கூட நடந்ததை இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியவில்லை. பேசாமல் ஹெட்செட்டைக் கழற்றி ஹமீதாவிடம் கொடுத்தேன்.

"ம். நல்லா இருக்கோம். ஒண்ணுமில்ல. உம்மாகிட்ட நான் சொல்றேன். மேடம் புதுசு. வைங்க, வேலை கெடக்கு." வைத்தாள். என் பக்கம் திரும்பினாள். "காளீஸு, சாவி."

கொடுத்தேன். அன்று நான் எடுத்த முதல் சரியான முடிவு.

பெண்கள் ஆளுக்கொரு நிமிடம் வீட்டில் பேசினார்கள். நான் நோட்டைத் திறந்து தீர்வுகளைப் பட்டியலிட்டேன். "ஒண்ணு, எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டு எஸ்.எம்.எஸ். அனுப்பிடலாம்."

"கண்ணு தெரியாதவங்களுக்கா?" என்றாள் ஹமீதா.

இரண்டாவதைப் படிக்கவில்லை.

ஹமீதா தன் போனில் யாரையோ அழைத்தாள். "மாமா, நான் ஹமீதா. மைக்குல ஒரு விசயம் சொல்லணும். எழுதிக்கங்க." அவளுடைய மாமா பள்ளிவாசல் ஜமாஅத் அலுவலகத்தில் இருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஜன்னலோரம் போய்ச் சன்னமாகப் பேசினாள். வலது கையால் காற்றில் தெருக்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

சற்று நேரத்தில் பள்ளிவாசல் ஒலிபெருக்கியை யாரோ இரண்டு முறை தட்டினார்கள். ஜன்னல் வழியே பார்த்தேன். தெரு அப்படியே நின்றது. ஸ்கூட்டர் நின்றது, கீழே துணி அளந்துகொண்டிருந்த கை நின்றது. நேரமல்லாத நேரத்தில் ஒலிபெருக்கி தட்டப்பட்டால் அங்கே அது மௌத்துச் செய்தியாக, அதாவது சாவுச் செய்தியாகத்தான் இருக்கும்.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஓர் அறிவிப்பு. சற்று முன் பல வீடுகளுக்குப் போன் வந்து யாரும் பேசாமல் இருந்ததாகத் தெரிகிறது. யாரும் பயப்பட வேண்டாம். அது வெளிநாட்டில் இருக்கும் சபராளிகள் செய்த போன் அல்ல. சபரில் உள்ள அனைவரும் சுகமாக இருக்கிறார்கள். அது ஞாயிற்றுக்கிழமை கண் முகாமுக்காகச் செய்யப்பட்ட போன். பேச ஆள் இல்லாததால் பேசவில்லை."

கொஞ்சம் இடைவெளி விட்டு, அந்தக் குரல் மறுபடியும் சொன்னது. "மீண்டும் அறிவிக்கிறோம். பேச ஆள் இல்லாததால் பேசவில்லை."

தெரு சிரித்தது. பௌசியா மேசைக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டாள். ஆனால் அறிவிப்பு முடியவில்லை.

"முகாமுக்குப் பெயர் கொடுத்தவர்கள் அதே எண்ணுக்குத் தாங்களே பேசவும். மேலத்தெருக்காரர்கள் இப்போது. நடுத்தெருக்காரர்கள் ஐந்தரைக்கு. கடற்கரைத் தெருக்காரர்கள் மஃரிபு தொழுகைக்குப் பிறகு."

நான் ஹமீதாவைப் பார்த்தேன். அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பெரியபட்டினத்துக்கும் ஏர்வாடிக்கும் அவளே சொல்லி அனுப்பியிருந்தாள், அங்கே வேறு நேரம். (ஏர்வாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது அறிவிப்பில் 'அந்தப் பொண்ணு புதுசு, தெரியாமப் பண்ணிருச்சு' என்று ஒரு வரி சேர்ந்திருந்ததாகக் கேள்வி.)

எங்கள் திரையில் இணைப்பு பிஸி என்று காட்டும் பன்னிரண்டு சிவப்பு விளக்குகளும் ஒவ்வொன்றாக அணைந்தன. அறை அமைதியானது. இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று நினைத்தேன்.

"வருவாங்க," என்றாள் ஹமீதா. "மச்சான்கிட்ட பேசி முடிச்சிட்டு, மாமியாருகிட்ட கேட்டுட்டு வருவாங்க. அஞ்சு நிமிசம்."

ஐந்தாவது நிமிடம் ஒரு விளக்கு எரிந்தது. பிறகு இன்னொன்று. ஒருத்தி வைக்க, அடுத்தவர் வர, இருட்டும் வரை அப்படியே போயிற்று. யாரும் சும்மா இருக்கவில்லை. யாரும் காத்திருக்கவும் இல்லை. எத்தனையோ நாளாக நான் திரையில் வரவழைக்க முயன்ற சீரான ஓட்டம் அதுதான். அதை ஓர் ஒலிபெருக்கியையும் மூன்று தெருக்களையும் வைத்து அவள் வரவழைத்திருந்தாள். எனக்கு எந்த எண்ணையும் முடிவு செய்யும் வேலை இல்லை. டீ வாங்கிக் கொடுத்தேன்.

பட்டியல் அன்றிரவே போய்ச் சேர்ந்தது. அதோடு அறிக்கையும் போக வேண்டும். 'எடுத்தும் பேச ஆள் இல்லாத அழைப்புகள்' என்றொரு கட்டம் அதில் உண்டு. ஐந்நூற்றுச் சொச்சம் என்று உண்மையை எழுதினேன். எழுதும்போது பௌசியாவின் மேசையைப் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பெரியபட்டினம் முகாமில் நாற்காலி போதவில்லை. பாய் விரித்தார்கள். பெயர் கொடுக்காதவர்களும், ஒலிபெருக்கியில் கேட்டோம் என்று வந்திருந்தார்கள். கோமதி மேடம் என் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஹமீதா பக்கத்தில் நின்றாள்.

"இந்த எண் சரியா?"

"சரிதான் மேடம்."

"இதுதாம்மா நான் கேட்ட ஒரே விஷயம்."

அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர், பேரனின் தோளைப் பிடித்தபடி வந்து, என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீதானா அந்தப் பேசாத பொண்ணு?" என்றார். கேட்ட குரல். அபூபக்கரின் வாப்பா. "இப்ப நல்லாப் பேசுறியே. அன்னைக்கு என்ன வந்துச்சு?" சுற்றி இருந்த பாய் முழுக்கச் சிரித்தது. கோமதி மேடம் அறிக்கையால் வாயை மறைத்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் ஹமீதாவிடம் கேட்டார். "தெருவாரியா வரச் சொன்னது யாரு?"

"நான்தாங்க."

"மதுரைக் கம்பெனிக்காரங்கள்ட்ட மென்பொருள் இருக்கு. உங்கள மாதிரி ஆளு இருக்கான்னு தெரியல," என்றார். வேலை எங்களுக்கே வந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வரி கூடுதல்: அழைப்பு எண்ணிக்கையை ஹமீதா பேகம் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். திரையின் மூலையில் அந்தச் சின்னக் கட்டத்தை நானே திரும்பக் கொண்டுவந்தேன். நீல நோட்டில் இப்போது மீன்காரம்மா வரும் நேரம், பௌசியாவின் மூச்சு உட்பட அவள் சொல்லச் சொல்ல எழுதியவை எழுபது பக்கம் இருக்கின்றன. அவற்றை வைத்து விதி எழுதினேன். பரவாயில்லாமல் ஓடுகிறது. ஹமீதா லீவு போடும் நாள்களில் மட்டும், அவள் அனுமதியோடு.

அன்று டீக்கடையில் அய்யா சொன்னதை ஊர் மறக்கவில்லை. இன்றும் எங்கள் தெருவில் எந்த வீட்டில் போன் அடித்தாலும், "எடு எடு, காளி அடிக்கிறா" என்பார்கள். அய்யாவின் விளையாட்டு வேறு. கீழக்கரையிலிருந்து கிளம்பும்போது தினமும் நான் வீட்டுக்குப் போன் செய்வேன். எடுப்பார். பேச மாட்டார். பின்னால் அம்மா சிரிப்பை அடக்குவது கேட்கும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒலிபெருக்கிக் குரலில், "பேச ஆள் இல்லாததால் பேசவில்லை" என்பார்.

முதலில் சில மாதம் கோபம் வந்தது. இப்போது வருவதில்லை. அவர் மௌனமாக இருக்கும் அந்த நேரத்தை நான் வீணாக்குவதும் இல்லை. "கேக்குதாய்யா? பஸ் ஏறிட்டேன். சாப்பாட மூடி வச்சிறாதீங்க, வந்துக்கிட்டே இருக்கேன்" என்று என்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவேன்.